புகைக்கு முன்னால் மணி அடிக்கும்

தீப்பிடிக்காத வரைக்கும் "இது ஒரு தொந்தரவு", பிடித்துவிட்டால் "ஏன் முன்னாடியே சொல்லல?" என்ற இரண்டு வசவுக்கும் நடுவில் ஓடுவதுதான் ஃபயர் அலாரம் விற்கிறவன் பிழைப்பு. வாட்டர் ஃபில்டர், இன்வெர்ட்டர், திருட்டு அலாரம் என்று எதையோ ஒரு கடையில் மாட்டிக் கொடுத்துவிட்டு, அடுத்த மாதமே அந்தக் கடைப் பக்கம் தலைகாட்ட முடியாமல் சந்து வழியாகச் சுற்றிப் போன சக பாவிகளே, இது உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்களுக்கு இந்த வயிற்றெரிச்சல் புரியாது.

சாரம் என்கிற பேட்டையில் ஒரு மாடி அறையில் எங்கள் கம்பெனி. மேனேஜர் தனசேகர் உட்கார்ந்து போன் பேசுவார். விற்பது, ஏணி தூக்குவது, மாட்டுவது, துடைப்பது, திட்டு வாங்குவது எல்லாம் நான். விசிட்டிங் கார்டில் என்னவோ 'சர்வீஸ் இன்ஜினியர்' என்று போட்டிருந்தது. இரண்டாயிரம் பிறந்து சில வருஷம் ஆன சமயம். செல்போன் அப்போதுதான் எல்லார் சட்டைப்பையிலும் வந்து உட்கார்ந்திருந்தது. அதனால் முன்பெல்லாம் ஆபீசில் மட்டும் வாங்கிய திட்டை மூலக்குளம் பஸ் ஸ்டாப்பிலும் நின்றுகொண்டே வாங்குகிற வசதி எனக்கு வந்திருந்தது.

எங்கள் சரக்கு புது தினுசு. மற்ற கம்பெனிக்காரன் கருவி புகையைப் பார்த்தால்தான் கத்தும். எங்களுடையது வாயுவை மோப்பம் பிடிக்கும். பஞ்சோ துணியோ மரமோ கொழுந்துவிட்டு எரிவதற்கு முன்னால், உள்ளுக்குள்ளேயே கனிய ஆரம்பிக்கும். அப்போதே கார்பன் மோனாக்சைடு கசியும். அதற்கு வாசனை இல்லை, நிறம் இல்லை, ஆனால் ஆளை மயக்கிப் போட்டுவிடும். நம் மூக்குக்குத் தெரியாத அந்தச் சனியன் எங்கள் சின்ன வெள்ளை டப்பாவுக்குத் தெரியும். மூடியைக் கழற்றினால் உள்ளே ஒரு குட்டி ஸ்க்ரூ. அதைச் சுற்றி ஒன்றிலிருந்து பத்து வரை கோடு. கம்பெனியிலிருந்து எட்டில் வைத்து அனுப்புவார்கள். எண்ணைக் குறைத்தால் மிஷினின் மூக்கு மந்தமாகும், அவ்வளவுதான் விஷயம். 'புகைக்கு முன்னால் மணி அடிக்கும்' என்று நோட்டீசில் பெரிய எழுத்தில் போட்டிருந்தோம். எட்டில் இருக்கிற வரைக்கும் அது பொய்யே இல்லை.

பிஸ்கட் டப்பா வித்தை

நெல்லித்தோப்பில் ராஜமாணிக்கம் என்பவருக்கு மெத்தைக் கடை. கடைக்குப் பின்னால் கோடவுன். கீழே உத்தரம் முட்டுகிற அளவுக்கு இலவம்பஞ்சு மூட்டை, ஒரு ஓரத்தில் பஞ்சு அடிக்கிற மிஷின். மேலே பலகை போட்ட மாடியில் பதினோரு பெண்கள் உறை தைத்துக்கொண்டிருந்தார்கள். மாடி ஜன்னல் பூராவும் கம்பி. இறங்குவதற்கு ஒரே ஒரு மரப்படி, அதுவும் பஞ்சு மூட்டைகளுக்கு நடுவில் வந்து முடிகிறது. விற்கிறவன் என்பதை ஒரு நிமிஷம் மறந்து, இந்த இடத்துக்கு இது இல்லாமல் முடியாது என்று மனசார நினைத்தேன்.

ஒரு பிடி பஞ்சை பிஸ்கட் டப்பாவில் போட்டு, அணைந்த தீக்குச்சியின் கங்கு முனையை அதற்குள் செருகி, பக்கத்தில் மிஷினை வைத்தேன். கண்ணுக்கு ஒரு இழை புகை தெரியவில்லை. மிஷின் வீல் என்று கத்தியது. மாடியிலிருந்து எட்டிப் பார்த்த அஞ்சலை கைதட்டினார். நாற்பது வயசிருக்கும். கடலோரத்து ஊரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர், மற்ற பத்துப் பேருக்கும் அவர் சொன்னால்தான் வேதம். "தீப்புடிச்சா எங்களுக்கு எவ்ளோ நேரம் கெடைக்கும் தம்பி?" என்று கேட்டார். "அஞ்சு நிமிஷம் முன்னாடியே சொல்லிடும்க்கா. செருப்பு போட்டுட்டு பொறுமையா எறங்கி வரலாம்" என்றேன். பெரிய மனுஷன் மாதிரி சத்தியம் வேறு செய்தேன். ராஜமாணிக்கம் தாடையைச் சொறிந்துகொண்டு யோசித்தார். இன்ஷூரன்ஸ்காரர்கள் ஏதாவது ஒரு அலாரம் வேண்டும் என்று கேட்டிருந்தார்களாம், அதனால் வேறு வழியில்லை.

"மாட்டிடுங்க சார். ஆனா ஒண்ணு, இது அடிச்சா பொம்பளைங்க எல்லாம் வேலைய வுட்டுட்டு கீழ எறங்கிடுவாளுங்களா?"

முசியேவின் கிளாஸ்

ஸ்க்ரூவில் நான் முதன்முதலாகக் கை வைத்தது ராஜமாணிக்கத்திடம் இல்லை. கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற ஒரு தாத்தா இருந்தார். தெருவே அவரை முசியே என்றுதான் கூப்பிடும். பழைய வீடு, தேக்கு உத்தரம். தீயணைப்பு வண்டியை அவர் 'பொம்பியே' என்றுதான் சொல்வார். பொம்பியே வருவதற்குள் வீடு சாம்பலாகிவிடும் என்று பயந்து எங்களைக் கூப்பிட்டார். வயர் எட்டவில்லை என்று நான் ஹாலில் கண்ணாடி அலமாரிக்கு மேலேயே மாட்டித் தொலைத்தேன். அந்த அலமாரியில்தான் அவர் பாட்டில்கள் இருந்தன.

இந்த சென்சாருக்கு ஒரு கெட்ட புத்தி. சாராய ஆவியையும் அது விடாது. தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு முசியே அலமாரியைத் திறந்து கோன்யாக் ஊற்றுவார், மணி அடிக்கும். இரண்டாவது கிளாஸுக்கு மறுபடியும் அடிக்கும். அடுக்களையிலிருந்து அவர் மனைவி, அவர் பாஷையில் மதாம், விரலை மடக்கி எண்ணிக்கொண்டு வெளியே வருவார். மூன்றாம் நாள் ஆள் விட்டு என்னைக் கூப்பிட்டார்கள். இடத்தை மாற்றுகிறேன், புது வயர் இழுக்கிறேன் என்றேன். சுவரை உடைக்கக் கூடாது என்றார் முசியே. ஸ்டூலில் ஏறி, எட்டை ஐந்தாக்கினேன். மணி நின்றது. ஒன்றும் ஆகவில்லை. அங்கேதான் எனக்குத் துளிர் விட்டுப் போச்சு என்று இப்போது தெரிகிறது. முசியே என் தோளைத் தட்டினார்.

"மெர்சி தம்பி. நான் எத்தினி கிளாஸ் குடிக்கிறேன்னு நாப்பது வருஷமா மதாமுக்கே தெரியாது, உன் மிஷினுக்கு எதுக்குத் தெரியணும்?"

வெள்ளிக்கிழமை

மெத்தைக் கடையில் வெள்ளிக்கிழமை தவறாமல் சாம்பிராணி. போடுகிற விதத்தைக் கேட்டால் உங்களுக்கு மாரடைப்பு வரும். தூபக்காலில் தகதகவென்று கரி நெருப்பு, அதை வீசி வீசி ஊதிக்கொண்டே ராஜமாணிக்கம் கடையைச் சுற்றி, பிறகு கோடவுனுக்குள் நுழைந்து, இலவம்பஞ்சு மூட்டைகளுக்கு இடையே ஒவ்வொரு சந்திலும் காட்டுவார். கரி நெருப்பு விடுகிற வாயு சாட்சாத் நாங்கள் தேடுகிற அதே வாயுதான். மிஷின் அடித்தது, அடிக்கத்தான் செய்யும். பதினோரு பெண்களும் நான் சொல்லிக் கொடுத்தபடி வரிசையாக இறங்கித் தெருவில் வந்து நின்றார்கள். எனக்கு உள்ளுக்குள் ஒரே பெருமை. ராஜமாணிக்கத்துக்கோ முகம் சிவந்துவிட்டது.

மூன்று வெள்ளிக்கிழமை இப்படியே போனது. "அண்ணாச்சி, பஞ்சுக்குள்ள நெருப்பு கொண்டு போவாதீங்க, கடை வாசலோட நிறுத்திக்குங்க" என்று கெஞ்சினேன். லட்சுமியை வாசலோடு நிறுத்தச் சொன்ன மாதிரி அவர் என்னைப் பார்த்தார். அதற்குள் தனசேகர் சாருக்குப் போன் போய்விட்டது. தனசேகர் சார் எனக்குப் போன் போட்டார். நான் ஸ்டூலைப் போட்டேன். எட்டு, ஐந்தாயிற்று. மாடிப்படியில் நின்று அஞ்சலை பார்த்துக்கொண்டிருந்தார். "ரிப்பேரா தம்பி?" என்றார். "சும்மா செக்கிங்க்கா" என்றேன். நாக்கு கூசவில்லை, அதுதான் ஆச்சரியம்.

"முப்பது வருஷமா சாம்பிராணி போடறேன், ஒரு நாள் தீப்புடிச்சதில்ல. உங்க மிஷின் வந்து ஒரு மாசத்துல மூணு தடவ தீப்புடிச்சிருக்கு சார்."

பொட்டு

ஆயுதபூஜை முடிந்த மறுநாள் சர்வீசுக்குப் போனேன். தையல் மிஷின், கத்தரிக்கோல், தராசு, பஞ்சு அடிக்கிற மிஷின் எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள். எங்கள் டப்பாவுக்கும் வைத்திருந்தார்கள். எங்கே? வாயு உள்ளே போகிற அந்தச் சல்லடைத் துளைகளின் மேல், நன்றாகக் குழைத்து, ரூபாய் அகலத்துக்கு. அது ஒன்றுதான் மிஷினுக்கு மூக்கு, அதைத்தான் அடைத்திருந்தது. ஸ்டூல் மேல் நின்று ஊசியால் ஒவ்வொரு துளையாகக் குத்தி எடுத்தேன். ஒன்றரை மணி நேரம். கழுத்து பிடித்துக்கொண்டது, சந்தனப் பொடி கண்ணில் விழுந்தது. எந்தப் புண்ணியவதி செய்த வேலை என்று கத்தினேன்.

அஞ்சலைதான். திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் திட்டு வரவில்லை. ஒட்டடை அடித்து, ஈரத்துணியால் துடைத்து, பூ வைத்து, அவ்வளவு அக்கறையாகச் செய்திருக்கிறார். ஐந்தில் இருக்கிற மிஷினுக்கு எட்டில் இருக்கிற மரியாதை. எனக்கு வெட்கமாக இருந்தது.

"எங்க பதினோரு பேருக்காவ ராப்பகலா முழிச்சிட்டு இருக்குது தம்பி, அதுக்குப் பொட்டு வைக்காம வுட முடியுமா?"

டெம்போ

மழைக்காலம் வந்ததும் பஞ்சு நனையக் கூடாது என்று டெம்போவைப் பின்பக்கமாகக் கோடவுன் வாசலுக்குள்ளேயே விட்டு மூட்டை இறக்க ஆரம்பித்தார்கள். இன்ஜினை அணைக்க மாட்டார்கள். அணைத்தால் மறுபடி தள்ளித்தான் ஸ்டார்ட் பண்ண வேண்டும், அப்படிப்பட்ட வண்டி. டீசல் புகை மொத்தமும் உள்ளே போய் மாடி ஏறும். ஐந்தில் இருந்தும் மிஷின் அடித்தது. பெண்கள் மழையில் நனைந்துகொண்டு தெருவில் நின்றார்கள். என்னை அழைத்து வந்து நிற்க வைத்து, "இதுக்கு என்ன சொல்றீங்க?" என்றார் ராஜமாணிக்கம்.

இந்தத் தடவை விடக் கூடாது என்று மனசைத் திடப்படுத்திக்கொண்டு போயிருந்தேன். "அண்ணாச்சி, மிஷின் சொல்றது நெசம். அந்தப் புகை மேல இருக்கிறவங்களுக்கு ஆவாது. மிஷினை விடுங்க. மாடிக்கு வெளிப்பக்கமா ஒரு இரும்புப் படி வைங்க, ஒரு ஜன்னல் கம்பிய எடுத்துட்டு கதவு போடுங்க. அப்புறம் மிஷின் அடிச்சாலும் சரி, அடிக்காட்டியும் சரி, எனக்குத் தூக்கம் வரும்" என்றேன். வெல்டிங் பட்டறை ஆளைக்கூட விசாரித்து வைத்திருந்தேன். ராஜமாணிக்கம் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். அவர் சொன்ன பதிலைக் கேட்டுவிட்டு என் மிஷினையே நான் கையால் பிய்த்து எறிந்திருக்க வேண்டும். செய்யவில்லை. ஸ்டூலில் ஏறி மூன்றுக்குத் திருகினேன்.

"இரும்புப் படி எதுக்கு சார்? அதான் உங்க மிஷின் இருக்குதே!"

நல்ல மிஷின்

ஆபீசுக்கு வந்து தனசேகர் சாரிடம் சொன்னேன். "சார், மூணுக்கு வந்தாச்சு. இனி அது மத்த கம்பெனிக்காரன் மிஷினைவிட லேட்டாத்தான் அடிக்கும். சர்வீஸ் ரிப்போர்ட்ல 'நல்ல நிலையில் உள்ளது'ன்னு நான் கையெழுத்து போட மாட்டேன்." அவர் கோபப்படவில்லை. டீ வாங்கிவரச் சொல்லி எனக்கும் ஒரு கிளாஸ் கொடுத்தார். கோபப்பட்டிருந்தால் நான் ஒருவேளை ரோஷப்பட்டு எழுந்து போயிருப்பேன். வில்லியனூர் பக்கத்தில் அப்பா கரும்பு போட்டுத் தலையில் துண்டு போட்டுக்கொண்ட வருஷம் அது. வேலையை விட்டால் நானும் போய் அவர் பக்கத்தில் குந்த வேண்டியதுதான். டீயைக் குடித்தேன். கையெழுத்துப் போட்டேன். ராஜமாணிக்கம் மறுபடி போன் போடுவதற்கு முன்னால் நாமே ஒரு கோடு குறைத்துவிடலாம் என்று தனசேகர் சார் சொன்னார். அடுத்த வாரம் போய் அதையும் செய்தேன். மூன்று, இரண்டாயிற்று.

"கம்ப்ளெயின்ட் வராத மிஷின்தாண்டா நல்ல மிஷின், இதைத் தெரிஞ்சிக்க உனக்கு இத்தினி வருஷமா?"

செவ்வாய்க்கிழமை மூன்றரை மணி

கோடை பிறந்த பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் கரண்ட் போய், மூன்று மணிக்கு வந்தது. பஞ்சு அடிக்கிறவர் சுவிட்சை அணைக்காமல் டீ குடிக்கப் போயிருந்தார். மிஷின் தானாக ஓட ஆரம்பித்து, மோட்டாரில் பொறி பறந்து, பக்கத்து மூட்டைக்குள் விழுந்திருக்கிறது. நான் பிஸ்கட் டப்பாவில் செய்து காட்டினேனே, அதே மாதிரி சத்தமில்லாமல் உள்ளே கனிந்திருக்கிறது. மாடியில் இரண்டு பெண்களுக்குத் தலைவலி, ஒருத்திக்கு வாந்தி. வெயில் என்று நினைத்துத் தண்ணீர் குடித்தார்கள். மணி அடிக்காததால் தீ என்று யாருக்கும் தோன்றவில்லை. பலகை இடுக்கில் மெல்லிசாகப் புகை வருவதை அஞ்சலைதான் பார்த்தார். ஒவ்வொருத்தியாகத் தலையில் ஈரத்துணி போட்டுப் படியில் இறக்கிவிட்டார். பத்துப் பேர் வெளியே வந்துவிட்டார்கள். பதினோராவதாக அவர் இறங்கும்போது படிக்குக் கீழே இருந்த மூட்டை பற்றிக்கொண்டது.

ராஜமாணிக்கம்தான் உள்ளே ஓடி அவரை இழுத்து வந்தார். இழுத்து வந்தவர் புருவமும் பொசுங்கிப் போயிற்று. இதையும் சொல்லத்தான் வேண்டும். அந்த மனுஷர் கெட்டவர் இல்லை, அதுதான் எனக்கு இன்றுவரை எரிகிறது. நான் முத்தியால்பேட்டையில் வேறொரு கடையில் ஏணி மேல் நின்றிருந்தேன். செல்போன் அடித்தது. எடுத்தால் ராஜமாணிக்கம் குரல், அழுகிறாரா இருமுகிறாரா தெரியவில்லை. அவருக்குப் பின்னால் வீல் வீல் என்று என் மிஷின்.

"சார், அடிக்குது சார்! எல்லாரும் வெளிய வந்தாச்சு, அஞ்சலைய ஆட்டோவுல ஏத்தியாச்சு, இப்பதான் சார் அடிக்குது!"

ரிப்போர்ட்

இன்ஷூரன்ஸ்காரர்கள் எங்களிடம் ஒரு தாள் கேட்டார்கள். தனசேகர் சாரே தன் கையால் டைப் அடித்து வைத்திருந்தார். 'சம்பவத்தன்று அலாரம் ஒலித்தது. கருவி இயங்கும் நிலையில் இருந்தது.' அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. எப்போது ஒலித்தது, எந்தக் கோட்டில் இருந்தது என்று எழுத இடமே விடவில்லை. "இரண்டுல இருந்துச்சு சார், அதை எழுதணும் சார்" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன், கணக்கு எழுதுகிற பெண் திரும்பிப் பார்த்தாள். கம்பெனியை மூடினால் எத்தனை பேர் வயிறு காயும் என்று ஆரம்பித்தார். என் வயிறும் அந்தக் கணக்கில் இருந்தது. கடைசியில் நான் கையெழுத்துப் போட்டேன். ஆமாம், போட்டேன். தூ என்று இருந்தது.

"அடிச்சுதா, அடிக்கலயா? அடிச்சுது. அவ்ளோதான் அவங்க கேக்கறது, மிச்சத்த நீ ஏன் பேசற?"

வார்டு

பெரிய ஆஸ்பத்திரியில் அஞ்சலை இருபது நாளுக்கு மேல் இருந்தார். வலது கை முழங்கை வரை வெந்து, விரல் நான்கும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தது. இனி ஊசி பிடிக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போனேன். வேறு என்ன கொண்டு போவது? கட்டில் பக்கத்தில் நின்று, வழியெல்லாம் பாடம் பண்ணி வைத்திருந்ததை எல்லாம் மறந்து, உளறிக் கொட்டினேன். "அக்கா, மிஷின் மேல தப்பில்ல. நான்தான் அதை மந்தமா திருப்பி வெச்சேன். எட்டுல வெச்சிருந்தா சொன்ன மாதிரி முன்னாடியே அடிச்சிருக்கும். உங்க கை போயிருக்காது."

அஞ்சலை என்னைத் திட்டுவார், இல்லையென்றால் அழுவார் என்று எதிர்பார்த்தேன். 'பரவால்ல தம்பி' என்று சொல்லிவிடுவாரோ என்றுதான் அதிகம் பயந்தேன். மூன்றும் இல்லை. இடது கையால் ஆரஞ்சுப் பழத்தை ஓரமாக நகர்த்தினார். கோடவுனுக்கு வெள்ளையடித்தாயிற்று, புதுப் பஞ்சு வந்தாயிற்று, புது மிஷின் ஒன்றும் எங்களிடமே ஆர்டர் கொடுத்திருக்கிறார்கள் என்பது எனக்கு முன்னால் அவருக்குத் தெரிந்திருந்தது. இரும்புப் படி பற்றி யாரும் பேசவில்லை என்பதும் தெரிந்திருந்தது. புகை தின்ற தொண்டையில் குரல் கீறிக்கொண்டுதான் வந்தது.

"என் கைய வுடு. திங்கக்கெழமைலேந்து அந்தப் பத்துப் பொண்ணுங்களும் திரும்ப அதே மாடிக்குத்தான் போவுதுங்க, அதுக்கு இன்னா பண்ணப் போற?"

திங்கட்கிழமை காலையில் நானே போய்ப் புது மிஷினை எட்டில் வைத்து, எவனும் திருக முடியாதபடி ஸ்க்ரூ மேல் பசை ஊற்றி அடைத்துவிட்டு வந்தேன். அந்த ஸ்க்ரூவைப் பல தடவை திருகியதற்கு எனக்கு டீயும் தட்டிக் கொடுப்பும் கிடைத்தது, ஒரே ஒரு தடவை திருக விடாமல் செய்ததற்கு அந்த வெள்ளிக்கிழமை சாம்பிராணிக்கு அது அடித்த அன்றே வேலை போனது, அதுதான் ஃபயர் அலாரம் லைனில் என்னுடைய மொத்த சர்வீஸ் ரெக்கார்ட்.